கடைசிப் பக்கம் இல்லாத யானை

என் கணவரின் அண்ணன் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்தால் இரண்டாவது நாளே வீட்டை ஒழிக்க ஆரம்பித்துவிடுவார். தூக்கிப்போட ஏதாவது கிடைத்தால்தான் வந்த காரியம் முடிந்த மாதிரி அவருக்கு. போன மாதமும் அப்படித்தான். விடியற்காலையிலேயே எழுந்து காப்பி குடித்த கையோடு கூடத்து அலமாரியைக் குடைந்து, பழைய பேப்பர்காரருக்கென்று ஒரு கட்டு கட்டி வாசலில் வைத்திருந்தார். நான் டூட்டிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பார்த்தேன். செய்தித்தாள்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே மஞ்சள் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பல்லால் கடித்துக் கடித்துப் பஞ்சாகிப்போன முனை. அதை எந்தக் குப்பைக்குள் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கட்டை அவிழ்த்து உருவி எடுத்தேன். "கிழிஞ்சு வீணாப் போயிருக்கேம்மா, அதைப் போய் எதுக்கு எடுக்கறே?" என்றார். "இது குப்பை இல்லண்ணா. இந்த வீட்டுல எதை வேணா தூக்கிப் போடுங்க, இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆடி மாதம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் எதுவும் சொல்ல முடிவதில்லை. வலது கையும் காலும் பாதி, பேச்சு முழுதும் போயிற்று. நாம் சொல்வது மட்டும் அவருக்கு ஒன்று விடாமல் புரியும்.

அது ஒரு படப் புத்தகம். என் மகளுக்கு ஒன்றரை வயதில் திருச்சிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. கனத்த அட்டைப் பக்கங்கள், ஓர் எழுத்துகூட இல்லை, வெறும் படம். முதல் பக்கம் முழுக்க ஒரு குட்டி யானையின் முகம். அந்த யானை கட்டுத்தறியிலிருந்து கிளம்பி, வாழைப்பழக் கடை, சைக்கிள் கடை, பள்ளிக்கூடம் என்று ஊரெல்லாம் சுற்றி, மழையில் நனைந்து, கடைசியில் ஆற்றுப் படித்துறைக்கு வந்து சேருகிறது. படித்துறைப் படம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்தது. இடது பக்கத்தில் யானை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வலது பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சத்தியமாக நினைவில்லை. வாங்கிய இரண்டாவது வாரமே என் மகள் அந்தப் பக்கத்தையும் அதோடு ஒட்டிய பின்னட்டையையும் கடித்துப் பிரித்துத் தின்றுவிட்டாள். வாயில் விரலை விட்டு நான் தோண்டி எடுத்தது போக மீதி வயிற்றுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு புத்தகத்தை மடியில் விரித்தால், யானை தூக்கிய காலுக்கு எதிரே என் புடவைதான் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் எனக்கு வேலை, காலை ஆறிலிருந்து இரண்டு வரை. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமனார் ஒருவர்தான். ஒரு நாளும் அவளைப் பசியோடு விட்டதில்லை. தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து, பால்கனியில் காக்கா காட்டி ஊட்டுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சண்டை போட்டேன் என்பதற்காக அவர் செய்ததை மறைக்க எனக்கு மனசில்லை.

இரண்டரை மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்து முகம் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் போதும், புத்தகத்தோடு வருவாள். வருகிற விதமே தனி. என்னைப் பார்த்து ஓடி வந்து, நடுவழியில் நின்று, முதுகைக் காட்டித் திரும்பி, புத்தகத்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்து தொப்பென்று மடியில் உட்காருவாள். ரிவர்ஸில் வரும் ஆட்டோ மாதிரி. மடி அங்கேதான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. ஒருமுறை நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்ததால் தரையில் விழுந்தாள். அழவில்லை. எழுந்து, நான் சரியாக உட்காரும்வரை காத்திருந்து, மறுபடி பின்னாலேயே வந்தாள்.

குழந்தைக்குப் புத்தகம் காட்டுவது என்றால் நான் சொல்வேன், அவள் கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாளே அந்த நினைப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று. அவளுக்கு முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்ற வரிசையே கிடையாது. சைக்கிள் கடையில் ஆரம்பிப்பாள், மழைக்குப் போவாள், திரும்பக் கட்டுத்தறிக்கு வருவாள். யானை அவ்வளவு பெரிதாக நிற்கிறது, அவள் விரலோ வாழைப்பழக் கடைக்குப் பின்னால் போகும். அங்கே ஒரு ஆடு. கடைக்காரன் பார்க்காத நேரமாக வாழை இலையை இழுத்துத் தின்கிற ஆடு. நாற்பது ஐம்பது தடவை பார்த்த எனக்கு அப்படி ஒரு ஆடு இருப்பதே தெரியாது. "அடிப்பாவி ஆடே, திருட்டுத்தனமா திங்கிற?" என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். சிரித்தாள் பாருங்கள், மடியே குலுங்கியது. மறுநாளிலிருந்து அந்த ஆட்டைத் தினமும் திட்டியாக வேண்டும். திட்டாமல் பக்கத்தைத் திருப்பினால் விடமாட்டாள்.

படித்துறைக்கு வந்ததும், பக்கம் இல்லாத இடத்தில் தெரியும் என் புடவையை இரண்டு முறை தட்டுவாள். விரல் நுனியால் தட், தட். அடுத்து என்ன என்று அர்த்தம். நான் ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்வேன். இன்றைக்கு யானை ஆற்றில் குளித்தது. இன்றைக்குத் தண்ணீரே இல்லை, மணலில் புரண்டது. இன்றைக்குக் கால் தவறி அம்மா மடியிலேயே விழுந்துவிட்டது. விழுந்த யானையை நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கி விடுவோம். கனத்துக்கு நான் மூச்சு வாங்க வேண்டும்.

மாமனார் இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதையும் வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் பதிவாகாது. இந்தச் சட்டம்தான் வீட்டிலும். "ஏம்மா, ஒரு எழுத்துகூட இல்லே. இதைப் போய்ப் படிக்கறேன்னு சொல்றியே, உனக்கே சிரிப்பா இல்லியா?" என்றார் ஒரு நாள். "சிரிக்கத்தான் மாமா படிக்கிறோம்" என்றேன். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் திருவானைக்காவலில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். அவருடைய மகன் என்னைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதையே அவர் மெல்ல மெல்லத்தான் விழுங்கினார். அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் 'வாங்கோ' என்பது என் வாயில் வரவில்லை. வரவழைக்க நான் முயன்றதும் இல்லை.

புத்தகத்தில் அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. யானையின் நெற்றி வெறுமையாக இருந்தது. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு யானை என்றால் கோயில் யானைதான். ஸ்ரீரங்கத்து யானைக்கு நெற்றியில் நாமம், ஆற்றைத் தாண்டாமலே ஒன்றரை மைல் போனால் திருவானைக்காவல் யானைக்கு விபூதிப் பட்டை. வெறும் நெற்றியோடு யானை என்று ஒன்று இந்தத் தீவில் கிடையாது. ஒரு நாள் நான் வேலை முடிந்து வருவதற்குள், நீல பால்பாயிண்ட் பேனாவால், அளவெடுத்தாற்போல், கீழே பாதம் வைத்து, யானைக்கு நாமம் போட்டுவிட்டார் மாமனார். "மூளி நெத்தியா இருந்தா கொழந்தைக்கு எப்படித் தெரியும் அது யானைன்னு?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க வந்த என் அப்பா புத்தகத்தைப் புரட்டினார். சட்டைப்பையிலிருந்து வொயிட்னரை எடுத்தார். கடையில் ரசீது எழுதுகிறவர், அது எப்போதும் பையில் இருக்கும். நாமத்தின் மேல் குறுக்கே மூன்று கோடு, பளிச்சென்று பட்டை. "எங்க பேத்தி பாக்குற யானை எங்க ஊர் யானைங்க" என்று மட்டும் சொன்னார். மாமனார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் என் மகள் சிவப்பு கிரேயானை எடுத்து, நாமம் பட்டை இரண்டின் மேலும் சுற்றிச் சுற்றி ஒரு பெரிய வட்டம் கிறுக்கி வழக்கை முடித்துவைத்தாள்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. அவளுக்கு இரண்டரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அம்மா, அப்பா, தாத்தா எதுவும் இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, நிறையப் பேசுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி கூட்டி வாருங்கள் என்றார். ஊரார் அப்படி விடுவார்களா? நாக்கில் தேன் தடவு என்றார் ஒருவர். வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசினால் குழப்பம் இருக்காது என்றார் இன்னொருவர். என் அம்மா சமயபுரத்தில் வேண்டிக்கொண்டார். ஒன்றுவிட்ட மாமியார் ஒருவர் என் முன்னாலேயே, "ரெண்டும் ரெண்டு விதமான குடும்பம், கொழந்தை எந்தப் பாஷையப் பேசும் பாவம்" என்றார். அன்றைக்கு நான் சமையலறையில் போய் அழுதேன். பிறகு அழுததற்காகவே எனக்கு என் மேல் கோபம் வந்தது.

மாமனார் தன் வழியில் இறங்கினார். ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகள் வாங்கி வந்தார். ஒரு பக்கம் படம், மறுபக்கம் அதன் பெயர். காலை பத்து மணிக்கு அவளை எதிரில் உட்கார வைத்து விசாரணை ஆரம்பமாகும். "இது என்ன? சொல்லு. குடை. கு... கு... சொல்லு. இது என்ன?" அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயந்துபோயிருந்தார், என்னைப் போலவே. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி கேள்வி கேட்பது.

இப்போது நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும், ஊரில் பேர்போன பள்ளிக்கூடம், குழந்தையை வைத்து நேர்காணல் உண்டு என்று எல்லோரும் சொன்னதும் நான் பயந்துவிட்டேன். யானைப் புத்தகத்தைப் பீரோ மேல் வைத்தேன். இரண்டரை மணிக்கு நானும் அட்டைகளோடு உட்கார்ந்தேன். "இது என்னடா கண்ணு? சொல்லு பாப்போம்." முதல் நாள் அவள் வழக்கம்போல் பின்பக்கமாக வந்து மடியில் உட்கார்ந்தாள். அப்படி இல்லை, எதிரில் உட்கார் என்று நான்தான் எடுத்து எதிரில் வைத்தேன். இந்தக் கைகளால்தான் செய்தேன். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. கடைசியில் அட்டைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டாலே அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள். இரண்டு கண்ணும் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் வேலை முடிந்து வந்தால் ஓடி வருவதும் நின்றுபோயிற்று. வாயைப் பொத்திய அந்தச் சின்னக் கையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

நேர்காணல் நாளும் வந்தது. மாமனார் தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்திருந்தார், தானும் வருவேன் என்று பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு ஆட்டோவில் முன்னால் ஏறிவிட்டார். பிரின்சிபல் அம்மா பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். அதட்டலான ஆள் இல்லை, சிரித்த முகம்தான். கையில் அதே மாதிரி அட்டைகள். முதல் அட்டையே யானை. "வாட் இஸ் திஸ், பாப்பா?" என் மகள் அட்டையைப் பார்த்தாள். கை வாய்க்குப் போகவில்லை. எட்டி அட்டையை வாங்கிக்கொண்டாள். நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே படம் இல்லை. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பிரின்சிபல் அம்மாவின் நாற்காலிக்கு நாலடி முன்னால் நின்றாள், முதுகைக் காட்டித் திரும்பினாள், அட்டையை வயிற்றோடு கட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து போய் அவர் முழங்காலில் முட்டி, ஏறி உட்காரப் பார்த்தாள்.

அந்த அம்மா திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையைத் தன் மடியில் வைத்து, அதன் வலது பக்கத்தில், கவுன் மேல், தட், தட் என்று தட்டினாள். நிமிர்ந்து பிரின்சிபலைப் பார்த்துக் காத்திருந்தாள். யானையைக் காட்டியவர் மேலே சொல்ல வேண்டுமல்லவா? ஒரு மாதமாக நான் கொடுக்காத மடியை முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டுப் பார்த்தாள் என் குழந்தை.

"மேடம், பாப்பாவுக்கு பேசிக் திங்ஸ்கூடத் தெரியல. எழுந்து எழுந்து வேற வர்றா. ஒரு வருஷம் வீட்டுல நல்லா ட்ரெயினிங் குடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார் அந்த அம்மா. இரண்டு வாரம் முன்பு என்றால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பேன். அன்றைக்கு வார்த்தை எங்கிருந்தோ வந்தது. "அவளுக்குத் தெரியாம இல்ல மேடம். நீங்க கையில வச்சிருக்கிறது புத்தகம்னு நெனச்சுட்டா. படம் காட்டுறவங்க மடியில உக்கார வச்சுக் கதை சொல்லுவாங்கன்னு நெனச்சுட்டா. அது ஒண்ணுதான் அவ பண்ண தப்பு. அதை நான் திருத்தப்போறதில்ல" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பொங்கினார். "மானம் போறது. கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இல்லே. இத்தனை மாசமா அந்த எழுத்தில்லாத புஸ்தகத்தை வச்சிண்டு என்னத்தைக் கிழிச்சே?" "அவ கேட்டா மாமா. தட்டினா பாருங்க, அடுத்து என்னன்னு கேட்டா" என்றேன். அவர் சிரித்தார். கோர்ட்டில் சிரிப்பது போன்ற ஒரு சிரிப்பு. "தட்டறது பேச்சாகுமா?"

நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து யானைப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய், சமையலறையில் ஆடிக்கொண்டிருந்த அரிசி டிரம்முக்கு அடியில் முட்டுக்கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. "மாமா, காலையில நீங்க சாதம் ஊட்டுங்க, காக்கா காட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா இனிமே இந்த வீட்டுல யாரும் அவகிட்ட 'இது என்ன'ன்னு கேக்கக் கூடாது. நான் உட்பட" என்றேன். கணவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவ சொல்றது சரிப்பா" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்காகச் சொன்ன மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அவள் மறுபடி பின்பக்கமாக நடந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. எண்ணினேன். அந்த ஒன்பது நாளும் இரண்டரை மணிக்கு நான் தனியாகத் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, ஆட்டைச் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் பேப்பருக்குப் பின்னால் இருந்து பார்ப்பார். பைத்தியம் என்றே நினைத்திருப்பார். பத்தாம் நாள் முதுகைக் காட்டித் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்து வந்து எனக்கு நல்ல ஜுரம், படித்துறைப் பக்கம் வந்ததும் தலை சுற்றியது. புத்தகத்தை அப்படியே விட்டுக் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். தட், தட். நான் அசையவில்லை. மறுபடி தட், தட். பிறகு மடியிலிருந்து ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் கோபமாக, "அப்பறம்?" என்றது.

அதுதான் அவளுடைய முதல் வார்த்தை. பதில் சொல்வாள் என்று வீடே காத்திருந்தது. அவள் கேள்வி கேட்டாள்.

இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் இந்த இடத்தில் ஒன்று கேட்பார்கள்: இப்போது பெண் எப்படிப் படிக்கிறாள், க்ளாஸில் ஃபர்ஸ்ட்டா? இல்லை. ஒன்பது வயதாகிறது, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. கணக்கில் சுமார். தமிழ் டிக்டேஷனில் பத்துக்கு ஆறு. ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சரிடமிருந்து டைரியில் குறிப்பு வருகிறது, அதில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை அந்த டீச்சரிடம் எப்படிச் சொல்வது? புத்தகப் புழுவும் இல்லை, பேட்மிண்டன் மட்டைதான் உயிர். மடியில் வைத்துப் படம் காட்டினால் குழந்தை சீக்கிரம் பேசும், புத்திசாலியாகும் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் தரமாட்டேன். பலன் கிடைக்கும் என்று நான் காட்டவில்லை. ஒரு குழந்தை தன் முதுகை நம்பி நம்மிடம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதைவிட வேறு என்ன பலன் வேண்டும்? அந்த நேரத்தைப் பரீட்சையாக்க யாருக்கும் உரிமை கிடையாது. நானே ஒரு மாதம் ஆக்கினேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போன மாதத்துக்கு வருகிறேன். பேப்பர் கட்டிலிருந்து உருவிய புத்தகத்தைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். மதியம் வந்து பார்த்தால் அரிசி டிரம் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் சமையலறையையும் ஒழித்திருக்கிறார். புத்தகம் குப்பை, அடியில் இருந்த அட்டைப் பெட்டி மட்டும் அவருக்குப் பொக்கிஷமாகப் பட்டிருக்கிறது. மாமனாருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வாரம் இருமுறை வரும் பேச்சுப் பயிற்சியாளர் சொன்னது என்னவோ, அவசரப்படுத்தாமல் சகஜமாகப் பேசிக்கொண்டிருங்கள் என்றுதான். அண்ணன் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார். "அப்பா, இது என்ன? சொல்லுங்கோ. நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. கு... கு..." குடை. சாட்சிக்கூண்டில் ஏற்றிய ஆள் மாதிரி மாமனார் உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை மெல்ல எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

அந்தக் கண்களை எனக்குத் தெரியும். "அண்ணா, போதும். எடுங்க அதை" என்றேன். "எக்ஸர்சைஸ்மா இது. கேட்டாத்தானே பேச்சு வரும்?" "இந்த வீட்டுல யாரும் யாரையும் 'இது என்ன'ன்னு கேக்கக் கூடாது. ஆறு வருஷமா அப்படித்தான். மாமாவுக்கே தெரியும்" என்று சொல்லி, அட்டைகளை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினேன். மூத்தவர் கையிலிருந்து பிடுங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும்.

அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு என் மகள் வந்துவிட்டாள். பையைக் கழற்றி எறிந்தாள். மேசையில் இருந்த யானைப் புத்தகத்தைப் பார்த்தாள், தாத்தா முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பழைய ஞாபகமோ விளையாட்டோ, முதுகைக் காட்டித் திரும்பிப் பின்பக்கமாகவே நடந்து போய் நாற்காலியின் கைப்பிடியில் முட்டி நின்றாள். மடியில் உட்காரும் அளவில் இப்போது இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டு, புத்தகத்தை அவர் மடியில் விரித்தாள்.

முதல் பக்கத்தில் யானை. மாமனார் நெற்றியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வொயிட்னர் பட்டை பாதி உதிர்ந்து அடியில் நீல நாமம் தெரிந்தது. இடது கையை நீட்டினார். அவளுக்கு உடனே புரிந்தது, பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். பழக்கமில்லாத கை நடுங்க நடுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோணலாக ஒரு நாமம் போட்டார். பாதத்தைக்கூட விடவில்லை. "ஐயோ தாத்தா! இது திருவானைக்கா யானை! அந்தத் தாத்தா வரட்டும், சொல்லிக்குடுக்குறேன்" என்று கத்தினாள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டோம்.

பிறகு அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆட்டைத் திட்டினாள். மழையில் யானைக்கு ஜலதோஷம் பிடித்தது. படித்துறை வந்தது. இடது பக்கத்தில் யானை காலைத் தூக்கி நின்றது. வலது பக்கம் இல்லாத இடத்தில் மாமனாரின் வேட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அவள் வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். இடது கை விரல் மெல்ல நகர்ந்து வேட்டியின் மேல் வந்தது. தட், தட்.

"பாரு, இவ்வளவு நேரம் ஆச்சு. ஒரு வார்த்தை சொல்லலையே அப்பா" என்றார் அண்ணன் எனக்குப் பின்னாலிருந்து.

"சொன்னாருண்ணா. உங்களுக்குத்தான் கேக்கல" என்றேன்.

மாமனார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தட்டுவதைப் பற்றி அவர் கேட்ட கேள்வி இருவருக்குமே ஞாபகம் இருந்தது. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. "இருங்க தாத்தா, சொல்றேன்" என்றாள் என் மகள். நான் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அரிசி டிரம்முக்கு அடியில் செருகினேன். டிரம் ஆடாமல் நின்றது.